எட்டாவது காசு

பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான்
பஸ்காரர் இன்னும் கூவுகிறார்.
பலகையில் பெஸ்தாரி ஜெயா.
இரண்டு பெயருக்கும் ஒரே நிறுத்தம், ஒரே கட்டணம்.

நிறுத்தத்துக்கு எதிரே சுயசேவை டோபி.
பன்னிரண்டு இயந்திரம், நான்கு உலர்த்தி.
திங்கள் காலையில்
அவற்றின் வயிற்றைத் திறப்பவள் நான்.
எஸ்.பி.எம்மில் கணக்கில் மட்டும் தோற்றவள்.
தவுக்கே சியோங் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.

ஒரு சலவைக்கு நான்கு வெள்ளி,
அதாவது எட்டு ஐம்பது காசு.
எண்ணுவதில்லை இப்போதெல்லாம்.
நாற்பது சேர்ந்தால்
உயரத்தில் கை தானாக நிற்கும்,
செம்பருத்திப் பூமேல் செம்பருத்திப் பூ.

அன்று ஏழாம் எண்ணின் அடுக்கு
மயிரிழை தூக்கலாக நின்றது.
பிரித்தேன்.
பூக்களுக்கு நடுவே ஒரு முகம்.

அதே மஞ்சள். ஏறக்குறைய அதே அகலம்.
விளிம்பில் நம் காசின் ஒன்பது பள்ளம் இல்லை,
அரம்போல நெருக்கிய கோடுகள்.
ஒரு பக்கம் சிங்கம், ஐந்து என்ற எண்.
மறுபக்கம் கழுத்துவரை பொத்தான் போட்ட ஒருவர்.
என்னைப் பார்க்கவில்லை.
காசுக்கு வெளியே எதையோ
கூட்டிக்கொண்டிருந்தார்.

சோப்புத்தூள் நிறுக்கும் தராசில்
நம் காசையும் அவரையும் மாறி மாறி வைத்தேன்.
முள்ளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.
இயந்திரமும் இப்படித்தான் ஏமாந்திருக்கும்.
ஏமாந்ததோ, போனால் போகிறது என்று விட்டதோ.

என் பையிலிருந்து ஐம்பது காசு போட்டு
அவரை எடுத்துக்கொண்டேன்.
கணக்கு நேரானது.

ஞாயிறன்று வில்லாயுதம் வந்தான்.
அறந்தாங்கிப் பக்கம்.
செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான்.
பச்சையாய் வெட்டிய குலைக்கெல்லாம்
அந்த மாதம் சம்பளத்தில் கழித்திருந்தார்கள்.
துணியைப் போடவில்லை,
ஏழாம் எண்ணின் காசு வாயையே பார்த்து நின்றான்.

"அக்கா, போன வாரம் ஏழுதான் இருந்துச்சு.
எட்டாவதுக்கு அவரப் போட்டேன்.
எடுக்கும்னு நெனைக்கல."

யார் அவர் என்றேன்.

"கணக்குல பெரிய ஆளாம்.
நூறு வருஷமோ என்னமோ ஆச்சுன்னு
அவரு பேருல காசு அடிச்சாங்க.
திருச்சி ஏர்போர்ட்ல டீ குடிச்ச மிச்சம்.
செலவழிக்காம வச்சிருந்தேன்."

உள்ளங்கையில் ஐம்பது காசு வைத்திருந்தான்,
மாற்றிக்கொள்ள. வியர்த்திருந்தது.

ஐந்து ரூபாய்க்கு இங்கே
முப்பது காசுகூடத் தேறாது.
அவன் போட்டது ஐம்பதாய்ப் போயிற்று.
நான் கொடுத்தது ஐம்பது.
அவன் தருவதும் ஐம்பது.
யாருக்கு யார் எவ்வளவு பாக்கி என்று
பரீட்சைத் தாள்போலக் கண்முன் விரிந்தது.
விடை சுலபம்தான்.
என் இடுப்புப் பையில் இருந்தது.

"தவுக்கே பெட்டியோட கொண்டு போயிட்டாரு, தம்பி"
என்று என் வாய் சொன்னது.

ஏன் சொன்னேன்?
பதினோரு வருடமாய்ப் பூவைத் தொடுகிற விரல்
முதல்முறை ஒரு மூக்கைத் தொட்டது என்றா?
அதைக் காரணம் என்று
எந்த மண்டோரிடம் சொல்ல முடியும்?

அவன் கோபப்பட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.
சிரித்தான்.
"பரவால்லக்கா.
அங்க அஞ்சு ரூபா.
இங்க எங்கயாச்சும் அம்பது காசா இருக்கட்டும்.
அவருக்கு லாபம்தான."

துணியைப் போட்டான்.
எட்டுக் காசு, எட்டும் பூ.
ஒவ்வொன்றும் விழுகிற சத்தத்தை
நான் எண்ணினேன், வருடங்களுக்குப் பிறகு.

பெர்மிட் முடிய இன்னும் ஏழு மாதம் என்கிறான்.
ஞாயிறுதோறும் ஏழாம் எண்ணில்தான் போடுகிறான்.
நான் உலர்த்தியின் பஞ்சைச் சுரண்டிக்கொண்டு
முதுகு காட்டி நிற்கிறேன்,
அவர் என் இடுப்பில்
ஒரு பக்கமாய்ப் பார்த்தபடி.

திங்கள்தோறும் தவுக்கே நோட்டைப் புரட்டி
"பாகுஸ்" என்கிறார்.
ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை.

அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.